மறுபடியும் பள்ளிக்கூடம்: அந்த ஒரு மணி நேரத்தை யார் தருவது?

(எழுத்தறிவு நாளையொட்டி நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



 எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க. கொஞ்சம் கூடப் போனா பொறுத்துக்கணும். ஏன்னா இந்தப் படிப்பு விஷயத்தில் நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். அதையும் உங்க முன்னாடி சொல்லிட்டுத்தான் போகணும்.

காலையில் வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீங்க இல்லையா, நான் பக்கத்தில் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தர்கூட மை டப்பா கேக்கலை. இது சின்ன விஷயம் இல்லை. 1989ல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட நம்ம மாநிலத்தின் முதல் மகளிர் குழுக்களை ஆரம்பிச்சாங்க. 1991-92ல் அது சேலத்துக்கு வந்தது. அப்ப நாமக்கல் தனி மாவட்டம் இல்லை, 1997 ஜனவரியில்தான் பிரிஞ்சது. அந்தக் காலத்தில் குழு ஆரம்பிச்ச அம்மாங்க ரெண்டு மூணு பேர் இங்கேயே முன் வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க, முதல் தீர்மான நோட்டில் பாதிக்கு மேல கைரேகைதான் இருக்கும்.

ஆனா கையெழுத்துக்கு அடுத்த கட்டத்துக்கு வந்ததும் நிறையப் பேருக்குக் கை நின்னுபோச்சு. அந்தக் கட்டத்துக்கு மேல "படிப்பு"ன்னு போட்டிருந்தது. சில பேர் காலியா விட்டுட்டாங்க. ஒரு அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்துட்டு, "அதெல்லாம் எதுக்குங்க இப்ப?"ன்னு சிரிச்சாங்க. இன்னும் பல பேர் "10 பெயில்"னு எழுதியிருக்காங்க. நான் எண்ணிப் பார்த்தேன். பதினேழு பேர். எல்லாரும் முப்பதுக்கு மேல, நாப்பத்தஞ்சுக்குக் கீழ. பதினேழு பேருக்கும் எழுத்து சின்னதா இருந்துச்சு, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எழுதின மாதிரி.

இந்தப் "பத்தாவது பெயில்" நம்ம பக்கம் ஏன் இத்தனை பேர்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் 1989ல் ஒரு திருமண உதவித் திட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். 2011ல் அதை 25,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும்னு உயர்த்தினாங்க. பொண்ணு பத்தாவது வரைக்கும் படிச்சிருந்தா போதும், பாஸா பெயிலான்னு பார்க்க மாட்டாங்க. நான் அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆறாவதிலும் ஏழாவதிலும் நின்னுபோக வேண்டிய எத்தனையோ பொண்ணுங்க அதனாலதான் பத்தாவது வாசல் வரைக்கும் வந்தாங்க. ஆனா வீட்டில் என்ன கணக்குப் போட்டாங்க? "பரீட்சை எழுதிட்டா போதும் கண்ணு." ரிசல்ட் வர்றதுக்குள்ள மாப்பிள்ளை வந்துட்டார். 2022ல் அந்தத் திட்டத்தைப் புதுமைப் பெண் திட்டமா மாத்தி, அரசுப் பள்ளியில் படிச்சு மேல படிக்கப் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய்னு ஆக்கினாங்க. அது உங்க பொண்ணுங்களுக்கு. உங்களுக்கு?

இன்னொன்னு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நாமக்கல்லுன்னா முட்டை, லாரி, அப்புறம் பள்ளிக்கூடம். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குக்காக மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டாந்து விடுதியில் சேர்த்தாங்க. "பிராய்லர் பள்ளி"ன்னு பத்திரிகைக்காரங்க பேரே வெச்சாங்க. அந்த விடுதிகளில் சோறாக்குறது, தட்டுக் கழுவுறது, நானூறு பேர் துணியைத் துவைக்கிறது யாரு? நம்ம குழு அக்காங்கதான். அடுத்த ஊர்ப் பிள்ளை ஸ்டேட் ரேங்க் வாங்க நாம இட்லி ஊத்திக் கொடுத்திருக்கோம். நம்ம சொந்த மார்க் ஷீட் பரண்மேல தகரப் பெட்டியில் கிடக்குது.

பள்ளிபாளையம் பக்கத்து ஊரில் ஒரு தறிக்கார அக்கா. பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. 2018ல் அவங்களுக்கு முப்பத்தெட்டு வயசு. ஏழாவதோட நின்னவங்க. அப்பா தறிப்பட்டறையில் வாங்கின முன்பணம் கழியலைன்னு, பன்னிரண்டு வயசில் தார் சுத்த உட்கார்ந்தவங்க. அவங்க குழுவுக்குப் போய் நான் படிப்பைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினேன். எம்.எஸ்.டபிள்யூ. படிச்சதையெல்லாம் கொட்டினேன்னு வெச்சுக்கங்க. எல்லாம் கேட்டுட்டு அந்த அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"படிப்பு எனக்கு வராதுன்னு நான் சொல்லலீங் மேடம். எந்நேரத்துக்குப் படிக்கோணும்னு மட்டும் சொல்லுங்."

எனக்குப் பதில் தெரியலை. சரி, நோட்டை எடுங்கன்னு சொல்லி, அவங்க ஒரு நாளை எழுதினோம். விடியக்காலம் நாலரைக்கு எந்திரிக்கிறாங்க. தண்ணி வர்ற நாள்னா நாலுக்கே. வாசல், சமையல், பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா, மாமியாருக்குச் சுடுதண்ணி. எட்டு மணிக்குப் பட்டறை. சாயங்காலம் ஆறரைக்கு வீடு. மறுபடி சமையல், பாத்திரம், நாளைக்கு மாவு. படுக்கப் பத்தரை. கரண்ட் போனா அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது, அதை ஈடுகட்ட ஞாயித்துக்கிழமையும் போகணும். எழுதி முடிச்சுட்டுப் பார்த்தா ஒரு மணி நேரம் இல்லை, ஒரு கால் மணி நேரம்கூட அவங்க பேரில் இல்லை.

அப்பதான் எனக்குப் புத்தி வந்தது. நாங்க களப்பணியாளருங்க எல்லாரும் ஊர் ஊராப் போய் "ஆர்வம் வேணும், தன்னம்பிக்கை வேணும்"னு பேசிக்கிட்டு இருந்தோம். ஆர்வம் இருக்கு. நேரம்தான் இல்லை. பெண்களுக்கு நேரம்கிறது பணம் மாதிரி. வீட்டில் எல்லாரும் எடுத்துக்குவாங்க, அவங்க கையில் மிஞ்சாது. பணம் மிஞ்சாதப்ப நாம என்ன பண்ணினோம்? குழுவாச் சேர்ந்து சேமிச்சோம். நேரத்தையும் அப்படித்தான் சேர்க்க முடியும்.

அந்தக் குழுவில் இதைத் தீர்மானமா நோட்டில் எழுதினாங்க. நான் சொல்லித் தரலை, அவங்களே போட்டது. வாரத்தில் அஞ்சு நாள், ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும், நாலு பேர் படிப்பாங்க. அந்த ஒரு மணி நேரம் அவங்க பிள்ளைகளை ரெண்டு உறுப்பினர் வீட்டில் பார்த்துக்கணும். கிரைண்டர் வெச்சிருக்கிற அக்கா எட்டு வீட்டு மாவையும் சேர்த்து ஆட்டிடணும், கரண்ட் செலவுக்குக் குழுவில் காசு. படிச்சு முடிச்சதும் இருட்டில் தனியா அனுப்பாம ஒருத்தர் கூடப் போகணும். படிக்கிறவங்க காரணம் சொல்லாம வரலைன்னா அஞ்சு ரூபாய் அபராதம், சந்தா கட்டாத மாதிரியே. நாலு பேரில் ஒருத்தர் ரெண்டே மாசத்தில் நின்னுட்டாங்க. மாமனார் படுத்த படுக்கையாயிட்டார், அதுக்குக் குழுவாலும் ஒண்ணும் செய்ய முடியலை. மத்த மூணு பேரும் எட்டாவது தனித்தேர்வு எழுதினாங்க. பாஸ்.

அப்புறம் கொரோனா. பட்டறை மூடல், கையில் காசு இல்லை, புத்தகம் மூலைக்குப் போச்சு. 2022ல்தான் மறுபடி எடுத்தாங்க. 2023ல் அந்தத் தறிக்கார அக்கா பத்தாவது எழுதினாங்க. தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் பாஸ். கணக்கும் அறிவியலும் போயிடுச்சு. ரிசல்ட் பார்த்த அன்னைக்கு போன் பண்ணி, "மூணு தேறிடுச்சுங்"ன்னாங்க. கவனிச்சீங்களா? ரெண்டு போயிடுச்சுன்னு சொல்லலை. அதே வருஷம் துணைத் தேர்வில் அறிவியல், 2024ல் கணக்கு. ஆறு வருஷம் ஆச்சு மொத்தமா.

இப்ப என்ன வேலையில் இருக்காங்கன்னுதானே கேக்கப் போறீங்க? அதே பட்டறையில்தான். மறைக்காம சொல்றேன், சான்றிதழ் வந்த மறுநாள் வேலை தேடி வரலை. ஆனா ஒண்ணு நடந்தது. பட்டறையில் முன்பணக் கணக்கு ஒரு நோட்டில் இருக்கும், முதலாளிதான் எழுதுவார், நம்மாளுங்க தலையாட்டிட்டு வருவாங்க. இந்த அக்கா அந்த நோட்டை வாங்கி உட்கார்ந்து படிச்சிருக்காங்க. வீட்டுக்காரர் பேரில் ரெண்டு தடவை பிடிச்ச பணம் வரவு வைக்காம விட்டிருந்தது. 1,800 ரூபாய். சத்தம் போடலை. வரிசையா விரல் வெச்சுக் காட்டியிருக்காங்க. முதலாளி ஒண்ணும் பேசாம அடிச்சுத் திருத்திட்டார். அதுக்கப்புறம் பட்டறையில் இன்னும் நாலு பேர், "எங்க பக்கத்தையும் கொஞ்சம் பாருக்கா"ன்னு வந்துட்டாங்க.

இப்ப என் தப்பு.

நான் வேலைக்கு வந்த புதுசு. 2014. சேலத்தில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யற ஒரு அக்கா, ஒன்பதாவது வரைக்கும் படிச்சவங்க, "டிகிரி வாங்க வழி இருக்காமே, பத்தாவது வேண்டாமாமே"ன்னு ஒரு நோட்டீசைக் கொண்டு வந்து காட்டினாங்க. ஒரு ஆயத்தப் படிப்பு முடிச்சுட்டு நேரா பி.ஏ. சேரலாம்னு இருந்தது. அந்த மையம் எதுன்னு இங்க சொல்லப் போறதில்லை, தப்பு என்னோடது. நான் சொன்னேன்: "டிகிரி இருந்தா போதும்கா, கீழே இருக்கிறதை யாரும் கேக்க மாட்டாங்க." குழுவில் 12,000 ரூபாய் கடன் போட்டுச் சேர்ந்தாங்க. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் விளக்கு வெளிச்சத்தில் சலங்கை கோத்துக்கிட்டே படிச்சு, பட்டமும் வாங்கிட்டாங்க. அதை வெச்சு ஒரு அரசு வேலைக்கு மனு போட்டாங்க. சான்றிதழ் சரிபார்க்கிற இடத்தில், பத்தாவது எங்கே, பன்னிரண்டாவது எங்கேன்னு கேட்டு, திருப்பி அனுப்பிட்டாங்க.

தமிழ்நாடு அரசு 2009 ஆகஸ்டில் அரசாணை எண் 107 போட்டிருக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது, அப்புறம் பட்டம், இந்த வரிசையில் படிச்சிருந்தாத்தான் திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்லும். நான் அந்த அக்காவுக்கு யோசனை சொன்னப்ப அந்த ஆணைக்கு அஞ்சு வயசு. எனக்குத் தெரியலை. தெரிஞ்சுக்காம சொன்னேன். அந்தக் கடனை அவங்க பதினாலு மாசம் கொலுசு செஞ்சு கட்டினாங்க.

அதுக்கப்புறம் அவங்க பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணிட்டாங்க, இப்ப பிளஸ் டூவுக்குப் படிக்கிறாங்க. என்கிட்ட நல்லாத்தான் பேசுவாங்க. ஆனா படிப்பு சம்பந்தமா சந்தேகம்னா என்னைக் கேக்கறதில்லை, நேரா கல்வி அலுவலகத்துக்கே போயிடறாங்க. அது சரிதான்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நான் குறை சொல்றதா நினைக்காதீங்க. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985லயும், நம்ம தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002லயும் வந்தது நம்மளை மாதிரி வேலைக்குப் போறவங்களுக்காகத்தான். பன்னிரண்டாவது முடிச்சுட்டுப் போங்க, தாராளமாப் படிங்க. "பரீட்சையே வேண்டாம், பணம் கட்டுங்க, பத்தாவது சான்றிதழ் வீட்டுக்கு வரும்"னு சொல்றவன் வந்தா மட்டும் வாசலிலேயே நிறுத்திடுங்க.

இப்ப நேர் வழி என்னன்னு பார்க்கலாம். இதைக் குறிச்சுக்குங்க.

எட்டாவது முடிக்காதவங்க, எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். பன்னிரண்டரை வயசு முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மேல வயசு வரம்பு கிடையாது. எட்டாவது பாஸ் பண்ணினவங்க நேரடித் தனித்தேர்வரா பத்தாவது எழுதலாம், அதுக்குப் பதினாலரை வயசு. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையங்களில் ஆன்லைனில் விண்ணப்பம் போடணும். எந்தத் தேதிக்குள்ளன்னு செய்தித்தாளில் அறிவிப்பு வரும். கடைசித் தேதி போயிட்டா தக்கல்னு கூடுதல் கட்டணம் கட்டி ஒரு வாய்ப்பு உண்டு, ஆனா அதை நம்பி உட்காராதீங்க.

பத்தாவதில் அஞ்சு பாடம், ஒவ்வொண்ணுக்கும் 35 எடுத்தா பாஸ். உங்க காலத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ரெண்டு ரெண்டு தாள் இருந்ததே, 2019-20 முதல் ஒரே தாள்தான். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுக்கணும். நேரடித் தனித்தேர்வருங்க இந்தச் செய்முறைக்குத் தனியா முன்கூட்டியே பேர் பதிஞ்சு, ஒதுக்குற பள்ளியில் வகுப்புக்குப் போகணும். நூத்துக்கு 80 நாள் வருகை இருந்தாத்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவாங்க. நம்ம ஆளுங்க நிறையப் பேர் சறுக்கறது இங்கதான். எழுத்துத் தேர்வுக்குப் பணம் கட்டிட்டு, செய்முறையை மறந்துடறாங்க.

ஏற்கெனவே எழுதிப் பெயிலானவங்க பழைய மார்க் ஷீட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க. தேறின பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. தேறாததை இப்போ இருக்கிற பாடத்திட்டத்தில் எழுதணும். உங்களில் பாதிப் பேர் சமச்சீர் கல்வி வர்றதுக்கு முன்னாடி எழுதினவங்க, அதனால பழைய புத்தகத்தைத் தூசி தட்ட வேண்டாம். உங்க பிள்ளைங்க புத்தகம்தான் உங்க புத்தகமும்.

கணக்குன்னாலே கை நடுங்குறவங்களுக்கு இன்னொரு வழி, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989ல் ஆரம்பிச்சது. அங்க கணக்கு கட்டாயம் இல்லை. மனையியல் மாதிரிப் பாடங்களையும் எடுத்து அஞ்சு பாடம் தேறலாம். சேர்ந்ததிலிருந்து அஞ்சு வருஷம், ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமா எழுதிச் சேர்த்துக்கலாம். தறிக்கும் பண்ணைக்கும் போறவங்களுக்கு இது ஏத்தது. ஆனா நான் ஒரு தடவை சுட்டுக்கிட்டவ. அதனால சொல்றேன், நீங்க எந்த வேலைக்காகப் படிக்கிறீங்களோ, அந்த வேலை அறிவிப்பில் அந்தச் சான்றிதழ் செல்லுமான்னு எழுத்தில் பார்த்துட்டுச் சேருங்க. என் வாயை நம்பாதீங்க, யார் வாயையும் நம்பாதீங்க.

இதையெல்லாம்விட முதல் முட்டுக்கட்டை எது தெரியுமா? பேர். பள்ளிக்கூடத்து டி.சி.யில் ஒரு பேர், அப்பா இனிஷியல். ஆதாரில் இன்னொரு பேர், வீட்டுக்காரர் இனிஷியல். பிறந்த தேதி அதைவிட மோசம். அந்தக் காலத்தில் காதைத் தொட வெச்சுச் சேர்த்துக்கிட்டு, வாத்தியாரே ஜூன் மாசத்தில் ஒரு தேதி போட்டுட்டார். டி.சி. தொலைஞ்சிருந்தா அழாதீங்க. நீங்க படிச்ச பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், அதில் உங்க பேர் இருக்கும். ஒரு அம்மா தன் பேரை அந்தப் பதிவேட்டில் பார்த்துட்டு, "எங்கப்பன் கையெழுத்து"ன்னு விரலால் தடவிப் பார்த்தாங்க. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்.

வயசாயிடுச்சேன்னு கேக்கறீங்க. கேரளாவில் ஆலப்புழைப் பக்கம் கார்த்தியாயினி அம்மா 2018ல் எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கினாங்க. வயசு 96. ஜனாதிபதி கையால் விருதும் வாங்கி, 2023ல் காலமானாங்க. அவங்களைக் கும்பிடணும். ஆனாலும் அவங்களை உதாரணம் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். தொண்ணூத்தாறு வயசில் எழுதினா பேப்பரில் போட்டோ வரும். முப்பத்தாறு வயசில், அடுப்பில் பாலை வெச்சுட்டு, மடியில் பிள்ளையைப் போட்டுக்கிட்டுப் படிக்கிற உங்க போட்டோ எதிலும் வராது.

எனக்குப் பிடிச்ச உதாரணம் துர்காபாய் தேஷ்முக். 1909ல் ராஜமுந்திரியில் பிறந்தவங்க. எட்டு வயசில் கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க, பெரியவளானதும் அந்தக் கல்யாணம் வேண்டாம்னு விலகினாங்க. உப்புச் சத்தியாகிரகத்தில் வேலூர், மதுரை ஜெயில்களில் இருந்தாங்க. அங்க தங்களுக்காக வாதாட வழி தெரியாத பெண் கைதிகளைப் பார்த்துத்தான் சட்டம் படிக்கணும்னு முடிவெடுத்தாங்க. ஆனா கையில் மெட்ரிகுலேஷன்கூட இல்லை. காசிப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக்கைத் தனியாப் படிச்சு எழுதினாங்க, அப்புறம் பி.ஏ., 1942ல் சட்டப் பட்டம். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்திருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களில் ஒருத்தர். நான் சொல்ல வந்தது அந்தப் பெருமையை இல்லை. சென்னையில் 1937ல், தன்னை மாதிரியே நடுவில் நின்ன பெண்களைக் கூட்டி உட்கார வெச்சு, அதே மெட்ரிக் எழுத வகுப்பு நடத்தினாங்க. அதுதான் ஆந்திர மகிளா சபாவா வளர்ந்தது. 1953ல் மத்திய சமூக நல வாரியத்துக்கு முதல் தலைவரா ஆனாங்க. 1958ல் அந்த வாரியம், வளர்ந்த பெண்களுக்கு எட்டாவது, மெட்ரிக் எல்லாம் சுருக்கமா ரெண்டு வருஷத்தில் முடிக்க வகுப்புத் திட்டம் கொண்டு வந்தது. தான் ஏறின ஏணியைப் பின்னாடி வர்றவங்களுக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

நம்ம அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 1991ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, எழுத்தோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. தண்ணிக்கு, வேலைக்கு, வகுப்புக்குன்னு நடந்த நேரம் மிச்சமாச்சு. பார்த்தீங்களா, அங்கேயும் நேரம்தான். பின்னாடி வளர்கல்வி மையங்கள் நடந்தது, அதுவும் 2009 வாக்கில் நின்னுபோச்சு. படிக்க ஒண்ணும் கையில் கிடைக்காதவங்க மறுபடி கையெழுத்தோட நின்னுட்டாங்க.

வீட்டு ஆம்பிளைங்களைப் பத்தி ஒரு வார்த்தை. "இந்த வயசில் பரீட்சையா, ஊர் சிரிக்கும்"னு சொல்வாங்க. சங்ககிரி, நாமக்கல்லு, திருச்செங்கோடு பக்கம் லாரி ஓட்டுறவங்க லைசென்ஸுக்கு எட்டாவது வேணும்னு சட்டம் இருந்தது, 2019ல்தான் மத்திய அரசு எடுத்தது. அதுவரைக்கும் மீசை நரைச்ச டிரைவருங்க எட்டாவது தனித்தேர்வு எழுதலையா? ஊர் சிரிச்சதா? நாலு பேர் முன்னாடி சண்டை போட வேண்டாம். சாப்பாடு போடுறப்ப மெதுவா ஞாபகப்படுத்துங்க.

எதுக்குப் படிக்கிறோம்கிறதை மட்டும் தெளிவா வெச்சுக்குங்க. 2025ல் வந்த அங்கன்வாடி அறிவிப்பில் பணியாளருக்குப் பன்னிரண்டாவது, உதவியாளருக்குப் பத்தாவது கேட்டிருந்தாங்க. வயசு வரம்பும் இருந்தது. அதனால வேலைக்காகப் படிக்கிறவங்க வருஷத்தைத் தள்ளிப் போடாதீங்க. வேலை எதுவும் வேண்டாம், மனசில் கிடக்கிற முள்ளை எடுக்கணும்னு படிக்கிறவங்க மெதுவா எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்லை.

இந்த மாசக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒண்ணு மட்டும் பேசுங்க. நம்ம குழுவில் யார் படிக்கணும்னு இருக்காங்க, அவங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் யார் சேர்ந்து தர்றது, எந்த வீட்டில் பிள்ளைங்க, எந்த வீட்டில் மாவு. தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு நகல் அனுப்புங்க. டி.சி., பழைய மார்க் ஷீட், ஆதார் மூணையும் அடுத்த மாசம் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொண்டு வாங்க. பேர் மாறியிருந்தா இப்பவே சொல்லுங்க, கடைசி வாரத்தில் வந்து நிக்காதீங்க. கணக்குச் சொல்லித்தர ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர் வாரம் ரெண்டு நாள் வர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். டீயும் முறுக்கும் மட்டும் நாம கொடுத்தா போதுமாம்.

காலையில் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டவங்க போறப்ப பதிவேட்டுப் பக்கம் வந்துட்டுப் போங்க. நான் அங்கேதான் நிப்பேன்.